96 வோல்ட், 300 அம்பியர்: மின் காருக்கு வீட்டிலேயே கொன்ட்ரோலர் கட்டுவது

கொன்ட்ரோலர் என்பது பற்றரிக்கும் மோட்டாருக்கும் நடுவே நின்று மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி. கொழும்பின் காலி வீதியில் மாலை நெரிசலில் ஊர்ந்தபடி 300 அம்பியர் கொடுக்கும் கொன்ட்ரோலர், அதே 300 அம்பியரை முழு அக்சிலரேட்டரில் கொடுப்பதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சூடாகும். ஊரும்போது குளிர்விக்கக் காற்றும் இராது. எனவே பாகங்களின் அளவை நெடுஞ்சாலை வேகத்துக்குப் பார்த்துப் போடக் கூடாது. ஊர்தலுக்கும் ஏற்றத்துக்கும் பார்த்துப் போட வேண்டும். கீழே வரும் இலக்கங்கள் எல்லாம் அப்படிப் போட்டவை.

கட்டப்போவது மாருதி 800 அளவுள்ள, 650 கிலோவை ஒட்டிய சிறிய காருக்கானது. கியர்பெட்டியும் கிளச்சும் அப்படியே இருக்கும். மோட்டார், பழைய மின் ஃபோர்க்லிஃப்டிலிருந்து கழற்றிய நேரோட்ட சீரீஸ் மோட்டார்; அதாவது புலச் சுருளும் ஆர்மேச்சரும் தொடராக இணைந்தது. இந்த வகைக்கு ஒரேயொரு மின் சுவிட்ச் போதும் என்பதுதான் இதைத் தேர்வதற்குக் காரணம். மூன்று கட்ட ஏசி மோட்டாருக்கு ஆறு சுவிட்சுகள் வேண்டும், அவற்றை ஒத்திசைக்கும் நிரலும் வேண்டும். முதல் முயற்சியாக அதில் இறங்காதீர்கள். ஒரு குறையும் உண்டு: சீரீஸ் மோட்டாரில் பிரேக் சக்தியைப் பற்றரிக்குத் திருப்பி அனுப்புவது நடைமுறையில் சரிவராது.

பற்றரிக்கு, பாவித்த நிசான் லீஃப் மொட்யூல்கள் நல்லவை. ஜப்பானிலிருந்து பாவித்த லீஃப்கள் நிறைய வந்திறங்கிய நாடு இலங்கை. உடைத்து விற்கும் இடங்களில் மொட்யூல்கள் கிடைக்கின்றன. முதல் தலைமுறை லீஃபில் 48 மொட்யூல்கள், ஒவ்வொன்றும் 7.5 வோல்ட், 3.8 கிலோ. பதின்மூன்றைத் தொடராகப் போட்டால் சாதாரண நிலையில் 97.5 வோல்ட், முழு சார்ஜில் 109 வோல்ட், எடை 50 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. புதிதாக இருந்தபோதே இது 6.5 கிலோவாட் மணிதான். தூரம் வேண்டுமானால் இப்படி இரண்டு வரிசைகளைச் சமாந்தரமாகப் போடுங்கள்.

மொட்யூல் வாங்கும்போது அதே பற்றரிப் பெட்டியின் பிரதான கொன்டாக்டர்களையும் (பெரிய மின்னோட்டத்தை இணைத்து வெட்டும் ரெலேக்கள்) முன்சார்ஜ் தடையியையும் இழுத்துக் கழற்றும் சேர்விஸ் பிளக்கையும் கேட்டு வாங்குங்கள். 12 வோல்ட்டில் இயங்கும் அந்தக் கொன்டாக்டர்கள் 400 வோல்ட் நேரோட்டத்தை வெட்டச் செய்யப்பட்டவை. நமக்கு வேண்டியதைவிடத் தாராளம்.

சூட்டுக் கணக்கு

கொன்ட்ரோலர் பற்றரியை மோட்டாருக்குச் செக்கனுக்கு 16,000 தடவை இணைத்துத் துண்டிக்கிறது. இணைந்திருக்கும் நேரத்தின் பங்குதான் டியூட்டி. துண்டித்த நேரத்தில் மோட்டாரின் மின்னோட்டம் நின்றுவிடாது. டயோட் வழியாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். 25 சதவீத டியூட்டியில் மோட்டாரில் 300 அம்பியர் ஓடினாலும் பற்றரியிலிருந்து வருவது சராசரியாக 75 அம்பியர்தான்.

சுவிட்சாகப் பத்து ஐஆர்எஃப்பி 4668 மொஸ்பெட்டுகள் (ஒருவகை ட்ரான்சிஸ்டர்): 200 வோல்ட் தாங்கும், ஆன் தடை 25 பாகையில் அதிகபட்சம் 9.7 மில்லி ஓம். சூடானால் இது இரட்டிக்கும். 20 என்று எடுங்கள். ஒன்றுக்கு 30 அம்பியர் என்றால் 18 வாட், பத்துக்கும் 180 வாட். முழு அக்சிலரேட்டரில் வேறு இழப்பில்லை: திறந்து மூடுவதும் இல்லை, டயோடில் ஓட்டமும் இல்லை.

இப்போது 10 சதவீத டியூட்டியைப் பாருங்கள். மொஸ்பெட்டுகளில் 18 வாட்தான். ஆனால் மீதி 90 சதவீத நேரமும் 300 அம்பியர் டயோடுகளில் ஓடுகிறது. 0.9 வோல்ட் விழுந்தால் 243 வாட். திறந்து மூடும் இழப்பு இன்னொரு 90 வாட். மொத்தம் 350. மொஸ்பெட்டுக்குக் காசை இறைத்துவிட்டு டயோடில் மிச்சம் பிடிப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். 200 வோல்ட், 60 அம்பியர் அதிவேக டயோட்கள் எட்டுப் போடுங்கள். சாதாரண ரெக்டிஃபையர் டயோட், வெல்டிங் மெஷினில் கழற்றியது உட்பட, எதுவும் உதவாது. ஓட்டத்தை நிறுத்த அவை எடுக்கும் நேரத்துக்குள் மொஸ்பெட் பற்றரியைக் குறுக்கிட்டுவிடும், அதாவது ஷோர்ட் ஆக்கிவிடும்.

மொஸ்பெட் சூடாகும்போது அதன் தடை கூடுகிறது, அதனால் தானாகவே பங்கைக் குறைத்துக்கொள்ளும். டயோடில் நேர்மாறு: சூடானது இன்னும் அதிகமாக இழுக்கும். ஒரே தொகுதியில் வந்த டயோட்களை ஒரே அலுமினியப் பாளத்தில் நெருக்கமாகப் பூட்டினால்தான் எட்டும் ஒரே சூட்டில் இருந்து ஓட்டத்தைப் பங்கிடும்.

வெட்டுவதற்கான வழி முதலில்

மொஸ்பெட் செத்தால் பெரும்பாலும் திறந்து சாவதில்லை, குறுக்கிட்டுச் சாகிறது. ஓட்டுபவருக்கு அதன் பொருள், அக்சிலரேட்டரை விட்ட பிறகும் கார் முழு வேகத்துக்குப் பாய்வது. எனவே கொன்டாக்டர், ஃபியூஸ், கையால் இழுத்துக் கழற்றும் சேர்விஸ் பிளக் மூன்றும் இல்லாமல் மோட்டாரை இணைக்கவே வேண்டாம்.

ஃபியூஸ் நேரோட்டத்துக்கு மதிப்பிடப்பட்டதாக, 150 வோல்ட் அல்லது அதற்கு மேல், 250 அம்பியராக இருக்க வேண்டும். கார் சவுண்ட் சிஸ்டத்துக்கு விற்கும் ஃபியூஸ்கள் 32 வோல்ட்டுக்கானவை. 100 வோல்ட்டில் கம்பி உருகினாலும் உள்ளே தீப்பொறி அணையாமல் ஓட்டம் தொடரும். வீட்டு ஏசி பிரேக்கரும் அப்படித்தான்.

கொன்டாக்டருக்குச் சமாந்தரமாக 100 ஓம், 50 வாட் முன்சார்ஜ் தடையியும் அதற்கு ஒரு சிறு ரெலேயும். இது இல்லாவிட்டால் வெறுமையான கப்பாசிட்டர் தொகுதி கொன்டாக்டர் மூடும் கணத்தில் ஆயிரக்கணக்கான அம்பியரை இழுத்து அதன் முனைகளைப் பற்றவைத்துவிடும். 1000 மைக்ரோஃபராட்டுக்கு 100 ஓம் என்றால் அரைச் செக்கனில் நிரம்பிவிடும். இரண்டு செக்கனில் பற்றரி வோல்ட்டேஜின் 90 சதவீதத்தைத் தொடாவிட்டால் நிரல் முன்சார்ஜ் ரெலேயைத் திறக்க வேண்டும், கொன்டாக்டரை மூடவே கூடாது. இதில் ஓர் இனாம் உண்டு: ஏதாவது மொஸ்பெட் குறுக்கிட்டிருந்தால் ஓட்டம் மோட்டார் வழியே வழிந்துபோய்க் கப்பாசிட்டர் நிரம்பாது. தனியாக எதையும் பொருத்தாமலே ஒவ்வொரு தடவை சாவி திருப்பும்போதும் அந்தச் சோதனை நடந்துவிடுகிறது.

கப்பாசிட்டருக்குக் குறுக்கே 10 கிலோ ஓம், 5 வாட் தடையி ஒன்று நிரந்தரமாக இருக்கட்டும். நிறுத்தியபின் ஒரு நிமிடம் பொறுத்து, மீற்றரால் அளந்து பார்த்த பிறகே கை வையுங்கள். 109 வோல்ட் நேரோட்டம் ஆளைக் கொல்லும்.

மின்சக்திப் பகுதி

மோட்டாரின் ஒரு முனை கொன்டாக்டருக்குப் பிறகு வரும் நேர்ப் பட்டையில். மறுமுனை மொஸ்பெட்டின் ட்ரெயினில், அதாவது ஓட்டம் உள்ளே வரும் காலில். ஓட்டம் வெளியேறும் கால்களான சோர்ஸ் எல்லாம் மறைப் பட்டையில். டயோடின் அனோட் ட்ரெயினுடன், கதோட் நேர்ப் பட்டையுடன். மொஸ்பெட்டின் உலோக முதுகு ட்ரெயின், டயோடின் முதுகு கதோட். ஆகவே இரண்டுக்கும் தனித்தனிப் பாளம் வேண்டும். 12 மில்லிமீற்றர் தடிப்பான அலுமினியப் பட்டையில் நேரடியாகத் தேமல் பேஸ்ட் தடவிப் பூட்டி, அந்தப் பட்டைக்கும் பெரிய ஹீட் சிங்குக்கும் இடையில் மின் காப்புத் தாள் வையுங்கள். ஒவ்வொரு மொஸ்பெட்டுக்கும் தனித்தனி மைக்கா வைப்பதைவிட இது குளிர்ச்சியாக ஓடும், ஏனென்றால் காப்புத் தாளைத் தாண்டுமுன்னரே சூடு பரவிவிடுகிறது.

போலி மொஸ்பெட் பெரிய தொல்லை. உள்ளே சிறிய சிலிக்கனை வைத்துப் பெரிய இலக்கம் அச்சடித்தவை எங்கும் விலைப்படுகின்றன. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினாலும் இணையத்தில் தருவித்தாலும் ஒவ்வொன்றையும் சோதியுங்கள். ஆன், ஆஃப் செய்யும் காலான கேட்டுக்கு 12 வோல்ட் கொடுத்து, ட்ரெயின் வழியே 10 அம்பியர் ஓடவிட்டு, கால்களின் அடியில் வோல்ட்டேஜை அளவுங்கள். 80 முதல் 97 மில்லிவோல்ட் வரை காட்டினால் சரி. 150, 200 காட்டினால் திருப்பிக் கொடுங்கள். பத்து வேண்டுமென்றால் பதினைந்து வாங்குங்கள்.

அடுத்து, பலர் பொருட்படுத்தாத விஷயம்: பட்டைகளின் அமைப்பு. கப்பாசிட்டரின் நேர்முனையில் தொடங்கி டயோட், மொஸ்பெட், கப்பாசிட்டரின் மறைமுனை என்று சுற்றிவரும் அந்தக் கண்ணி எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது. ஓடும் 138 பஸ் சட்டென்று பிரேக் அடித்தால் நிற்கிறவர்கள் முன்னால் சரிவதுபோல, மின்னோட்டம் வெட்டுப்படும்போது கண்ணியில் உள்ள தூண்டல் வோல்ட்டேஜை எகிறவைக்கும். 50 நனோஹென்றி தூண்டலில் 300 அம்பியரை 200 நனோசெக்கனில் நிறுத்தினால் 75 வோல்ட் கூடும். 109உடன் 75 சேர 184. 200 வோல்ட் மொஸ்பெட்டுக்கு விளிம்பு. 50 நனோஹென்றி என்பது ஒரு விரல் நீள வயர்தான். ஆகவே வயர் கூடாது. 40 மில்லிமீற்றர் அகலம், 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரண்டு செப்புப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக, நடுவில் அரை மில்லிமீற்றர் காப்புத் தாள் வைத்து அடுக்குங்கள். இலக்கு 25 நனோஹென்றிக்குக் கீழே. மோட்டார் கேபிள் நீளமாக இருந்தால் பரவாயில்லை, அது இந்தக் கண்ணிக்கு வெளியே. அதற்கு 70 சதுர மில்லிமீற்றர் வெல்டிங் கேபிள் போதும்.

கப்பாசிட்டரில் பார்க்க வேண்டியது மைக்ரோஃபராட் அல்ல, எவ்வளவு அலை மின்னோட்டம் தாங்கும் என்பதே. 50 சதவீத டியூட்டியில் அது மோட்டார் மின்னோட்டத்தின் பாதி, அதாவது 150 அம்பியர். இரண்டு மூன்று அம்பியர் மட்டுமே தாங்கும் எலெக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர் பத்தைப் போட்டால் அவை கொதித்து ஊதிவிடும். 50 மைக்ரோஃபராட், 250 வோல்ட்டுக்கு மேற்பட்ட ஃபிலிம் கப்பாசிட்டர்கள் இருபது போடுங்கள், ஒன்றுக்கு 7.5 அம்பியர், நிம்மதி. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கூடவே ஒரு பெரிய எலெக்ட்ரோலிட்டிக்கைச் சேர்க்காதீர்கள். 16 கிலோஹேட்ஸில் அதன் மின்மறுப்பு ஃபிலிமின் அளவுக்கு அல்லது அதற்கும் குறைவாக இருக்கும், அலையின் பெரும்பங்கு அதற்குள் போய்விடும். முதலில் வெடிப்பதும் அதுதான்.

கேட்

மொஸ்பெட்டின் கேட் முழு வோல்ட்டேஜ் பெற வேண்டும், இல்லையென்றால் பூச்சியம். பாதி நிலையில் சில மில்லிசெக்கன் நின்றால் பத்தும் கருகும்.

மைக்ரோ கொன்ட்ரோலர் காரின் 12 வோல்ட் பக்கம் இருக்கட்டும், கேட் பகுதி பற்றரியின் மறைப் பட்டையோடு. இரண்டுக்கும் நடுவே, மின் இணைப்பு இல்லாமல் ஒளி வழியாகவே சிக்னலைக் கடத்தும் எச்சிபிஎல் 3120 ஓப்டோ கப்ளர். மலிவான 6என்137 இங்கே ஆபத்து: அதன் எல்இடி அணைந்திருக்கும்போது வெளியீடு உயர்ந்து நிற்கும். பின்னால் சிக்னலைப் புரட்டாத நேர் ட்ரைவர் (கேட்டுக்கு ஓட்டம் கொடுக்கும் சிப்) வைத்தால், மைக்ரோ கொன்ட்ரோலர் செயலிழந்த கணம் மொஸ்பெட்டுகள் முழுதாக ஆன் ஆகிவிடும். 3120இல் எல்இடி அணைந்தால் வெளியீடு தாழும். அதன் சப்ளை 11 வோல்ட்டை ஒட்டி விழுந்தாலும் தானாகவே வெளியீட்டைத் தாழ்த்திவிடும். அதன் 2.5 அம்பியர் பத்து கேட்டுகளுக்குப் போதாது, ஆகவே பின்னால் 9 அம்பியர் டீசி 4422 ட்ரைவர். இரண்டுக்கும் தனிமைப்படுத்தப்பட்ட 15 வோல்ட் கொன்வேர்ட்டர். ட்ரைவரின் உள்ளீட்டில் 10 கிலோ ஓம் மறைப் பட்டைக்கு.

ஒவ்வொரு கேட்டுக்கும் தனியாக 10 ஓம் தடையி. பத்துக்கும் சேர்த்து ஒன்று போட்டால் கேட்டுகள் தங்களுக்குள் அலைபாய்ந்து சேர்ந்து எரியும். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே, காலை ஒட்டி, 10 கிலோ ஓமும், வோல்ட்டேஜை அதற்கு மேல் ஏறவிடாத 18 வோல்ட் சேனர் டயோடும். ட்ரைவரிலிருந்து எல்லாக் கேட்டுகளுக்கும் பாதை ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ட்ரைவரை வரிசையின் ஓரத்தில் அல்ல, நடுவில் வையுங்கள்.

மூளை

மைக்ரோ கொன்ட்ரோலராக அட்மெகா 328 போதும். 16 மெகாஹேட்ஸ் கடிகாரத்தில் டைமர் 1ஐ 999 வரை எண்ணவிட்டால் சரியாக 16 கிலோஹேட்ஸ், ஆயிரம் படிகள். 10 கிலோஹேட்ஸில் வைத்தால் இழப்பு குறையும், ஆனால் மோட்டார் கீச்சிடும் சத்தம் பயணிகளுக்குப் பொறுக்காது.

அக்சிலரேட்டர் டியூட்டியைக் கட்டளையிடக் கூடாது, மின்னோட்டத்தைக் கட்டளையிட வேண்டும். நின்ற மோட்டாரின் தடை 30 மில்லி ஓம் என்று வைத்தால், 10 சதவீத டியூட்டியே 320 அம்பியரை இழுத்துவிடும். மிதியில் பத்தில் ஒரு பங்கிலேயே எல்லை தாண்டிப் போகிற காரை யாரும் ஓட்ட முடியாது. மோட்டார் கேபிளில் லெம் ஹாஸ் (HASS) 300 மின்னோட்ட உணரியைப் போடுங்கள்: பூச்சியத்தில் 2.5 வோல்ட், 300 அம்பியரில் 0.625 வோல்ட் மாற்றம். 10 பிட் அளவீட்டில் ஒரு படி 2.3 அம்பியர், இந்த வேலைக்குத் தாராளம். கேட்ட மின்னோட்டத்துக்கும் அளந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைப் பிஐ கணக்கில் (வித்தியாசத்தையும் அதன் தொடர் கூட்டலையும் சேர்த்துத் திருத்தும் முறை) போட்டு டியூட்டியை ஏற்றி இறக்குங்கள். மோட்டார் மின்னோட்டத்தை டியூட்டியால் பெருக்கினால் பற்றரி மின்னோட்டம். ஒற்றை வரிசை லீஃபுக்கு அதை 200இல் கட்டுங்கள். வோல்ட்டேஜ் 84க்கு வந்தால் குறைக்கத் தொடங்கி 78இல் நிறுத்துங்கள்.

நிரலை மட்டும் நம்பாதீர்கள். உணரியின் வெளியீடு 3.44 வோல்ட்டைத் தொட்டால், அதாவது 450 அம்பியரில், இரண்டு வோல்ட்டேஜ்களை ஒப்பிடும் ஒரு கொம்பரேட்டர் சிப் நேரடியாக ஓப்டோவின் எல்இடியை வெட்டிப் பூட்டிவைக்க வேண்டும். சாவியை அணைத்துப் போட்டால் மட்டுமே அது விடுபடட்டும்.

மிதிக்குப் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும், கேபிள் இல்லாத எலெக்ட்ரோனிக் அக்சிலரேட்டர் நல்லது. அதில் இரண்டு சிக்னல்கள் வரும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டாலும், ஒன்று 0.2 வோல்ட்டுக்குக் கீழே அல்லது 4.8க்கு மேலே போனாலும் மின்னோட்டம் பூச்சியம். சாவி திருப்பும்போது மிதி அழுத்தியிருந்தால் கார் நகரக் கூடாது. டியூட்டி பூச்சியமாக இருக்கையில் 20 அம்பியருக்கு மேல் 50 மில்லிசெக்கன் ஓடினால் மொஸ்பெட் செத்துவிட்டது என்று பொருள், கொன்டாக்டரைத் திற. நிரல் உறைந்தால் சிப்பை மீளத் தொடக்கும் 16 மில்லிசெக்கன் வாட்ச்டோக்கும், சப்ளை விழுந்தால் அதை நிறுத்திவைக்கும் 4.3 வோல்ட் பிரவுன்அவுட் அமைப்பும் (சிப்புக்குள் ‘ஃபியூஸ்’ என்று அழைக்கப்படும் அமைப்பில் வைப்பது) கட்டாயம்.

பெட்டி

350 வாட்டை 35 பாகை ஏற்றத்துக்குள் வெளியேற்ற, வாட்டுக்கு 0.1 பாகை ஹீட் சிங்க் வேண்டும். நீண்ட செட்டைகளும் இரண்டு 120 மில்லிமீற்றர் ஃபேன்களும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பொனெட்டுக்குக் கீழே கொழும்பு மதியத்தில் 45 பாகை சாதாரணம், எனவே ஊர்தலில் 80ஐத் தொடும். மின்னோட்ட எல்லையை 70 பாகையில் குறைக்கத் தொடங்கி 85இல் பூச்சியமாக்குங்கள். கடுகண்ணாவ ஏற்றத்தில் இது வேலை செய்வதைக் காண்பீர்கள்; அங்கே மிதியை அமுக்குவதைவிடக் கியரைக் குறைத்து மோட்டாரை வேகமாகச் சுழலவிடுவதே சரி.

ஃபேன் காற்று செட்டைகளில் மட்டும் படட்டும், பலகைகள் மூடிய பெட்டிக்குள். வெள்ளவத்தை, தெகிவளைப் பக்கம் கடற்காற்றில் நிற்கும் காரென்றால் பலகைக்குக் காப்பு வார்னிஷ் இரண்டு பூச்சு, வெள்ளீயம் பூசிய லக்குகள் (கேபிள் நுனியில் பூட்டும் உலோக முனைகள்), அலுமினியமும் செப்பும் தொடும் இடங்களில் ஒட்சியேற்றத் தடுப்புப் பேஸ்ட். மழைக்கு வீதியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் ஊர் இது. பெட்டியைப் பழைய ரேடியேற்றரின் மேல் விளிம்புக்குக் கீழே பூட்டாதீர்கள்.

சோதனை

முதலில் 12 வோல்ட் பற்றரி, 5 அம்பியர் ஃபியூஸ், மோட்டாருக்குப் பதில் 21 வாட் பிரேக் பல்ப். கேட் அலைவடிவத்தை ஓசிலோஸ்கோப்பில் பாருங்கள்: ஏறவும் இறங்கவும் 200 நனோசெக்கனை ஒட்டி, துள்ளல் இல்லாமல். பிறகு 48 வோல்ட்டில், தொடராகப் போட்ட நான்கு ஹெட்லைட் பல்ப்கள். அடுத்து 12 வோல்ட்டில் மோட்டார், தரையோடு கட்டிப் பூட்டிய நிலையில். சீரீஸ் மோட்டாரை வெறும் தண்டோடு உயர் வோல்ட்டேஜில் ஓடவிடவே கூடாது. சுமை இல்லாவிட்டால் வேகம் ஏறிக்கொண்டே போய் ஆர்மேச்சர் சிதறும். ஜாக்கில் ஏற்றிச் சோதிக்கும்போதும் நியூட்ரலில் அல்ல, கியரில், 48 வோல்ட்டுக்கு மேல் போகாமல்.

வீதியில் இறக்கியபின் 100 அம்பியரில் ட்ரெயின் வோல்ட்டேஜின் உச்சத்தை அளவுங்கள். பற்றரிக்கு மேலே எகிறுவது 15 வோல்ட் என்றால் 300இல் ஏறத்தாழ 45 இருக்கும், அது பாதுகாப்பு. 25ஐத் தாண்டினால் கேட் தடையியைக் கூட்டுவதற்கு முன் பட்டைகளைத் திருத்துங்கள். தடையியைக் கூட்டினால் துள்ளல் குறையும், சூடு கூடும். ஓசிலோஸ்கோப்பை மறைப் பட்டையில் இணைக்கும்போது சார்ஜர் கழற்றியிருக்க வேண்டும்.

பதிவுச் சான்றிதழில் எரிபொருள் பெற்றோல் என்றிருக்கும் காரை மின் காராக்கி வீதியில் ஓட்ட, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். எஞ்சினைக் கழற்றும் முன்னரே விசாரித்துவிடுங்கள், காப்புறுதிக் கம்பனியிடமும் கேளுங்கள்.

முதல் 200 கிலோமீற்றரில் எல்லா லக் நட்டுகளையும் திருப்புவிசைச் சாவியால் ஒருமுறை இறுக்குங்கள். சூடேறி ஆறிய செப்பு தளரும். அதே நேரத்தில் அகச்சிவப்பு வெப்பமானியால் ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள். பக்கத்து லக்கைவிட 10 பாகை கூடுதலாகக் காட்டுவதைக் கழற்றி, சுரண்டி, மீண்டும் பூட்டுங்கள்.